கையால் நிரப்பிய தோட்டாக்களின் வேகம்: ஒளித்திரையும் ரேடாரும் வெவ்வேறு எண்களைக் காட்டினால் எதை நம்புவது?

கேள்வி: தென்னஞ்சோலை (டெக்சாஸ்)

அனைவருக்கும் வணக்கம். 6.5 கிரீட்மோர் ரைஃபிளுக்கான தோட்டாக்களையும், யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கச் சுடுதல் போட்டிச் சங்கம்) நடத்தும் கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்கான 9 மி.மீ. தோட்டாக்களையும் நானே வீட்டில் நிரப்பிப் பயன்படுத்தி வருகிறேன். வெடிமருந்தை எவ்வளவு கவனமாக நிறுத்துப் போட்டாலும், ஒவ்வொரு குண்டும் உண்மையில் என்ன வேகத்தில் வெளியேறுகிறது என்பதைக் குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) இல்லாமல் அறிய முடியாது என்பதால், தொடக்கத்திலேயே விலை குறைந்த ஒளித்திரைக் கருவி ஒன்றை வாங்கிவிட்டேன். அதன் இரண்டு உணரிகளுக்கும் நடுவே உள்ள தூரம் 1 அடி. குழல்வாயிலிருந்து 12 அடி தள்ளி அதை முக்காலியில் நிறுத்துகிறேன்.

அண்மையில் சுடுதளத்தில் பக்கத்து மேசையில் இருந்த ஒருவர் தம்முடைய ரேடார் குரோனோகிராஃபைச் சற்று நேரம் கொடுத்து உதவினார். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த, 140 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டு பொருத்திய ரைஃபிள் தோட்டாக்களில் 10ஐ என் ஒளித்திரையின் மேலும், அடுத்த 10ஐ அவருடைய ரேடாரை வைத்தும் சுட்டேன். ஒளித்திரை காட்டிய சராசரி வினாடிக்கு 2,688 அடி. திட்ட விலக்கம் (வேகங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 14. மிக வேகமான குண்டுக்கும் மிக மெதுவான குண்டுக்கும் இடையே 43 அடி வேறுபாடு. ரேடார் காட்டிய சராசரி 2,716, திட்ட விலக்கம் 8, வேறுபாடு 24.

என் நோக்கம் 1000 கஜ தூரத்தில் மேலும் கீழும் சிதறாமல் சுடுவது. ஆகவே என் தோட்டாவின் திட்ட விலக்கம் 14ஆ, 8ஆ என்பது எனக்கு மிகவும் முக்கியம். 28 அடி வேறுபாடு எங்கிருந்து வருகிறது? எந்தக் கருவியை நம்பலாம்? புதிதாக வாங்குவதென்றால் கார்மின் ஸீரோ சி1 ப்ரோ, லாப்ரேடார், மேக்னெட்டோஸ்பீட் ஆகிய மூன்றில் எது என் இரண்டு தேவைகளுக்கும் பொருந்தும்?

மறுமொழி: நெடுந்தொலைவு (ஒஹாயோ)

நண்பரே, முதலில் சராசரியைப் பார்ப்போம், ஏனெனில் அதற்கு விடை எளிது.

ஒளித்திரை குழல்வாய் வேகத்தை அளப்பதில்லை. குண்டு முதல் உணரியைக் கடந்த நேரத்துக்கும் இரண்டாவதைக் கடந்த நேரத்துக்கும் இடைப்பட்ட காலத்தை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டுக்கும் நடுப்புள்ளியில் இருந்த வேகத்தைச் சொல்கிறது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தித் தர அமைப்பான சாமி, வேகத்தை 15 அடி தூரத்தில் வைத்துக் குறிப்பிடும் வழக்கம் இத்தகைய கருவிகளின் காலத்திலிருந்து வந்ததே. உங்கள் 140 கிரெய்ன் குண்டு தொடக்கத்தில் ஒவ்வொரு கஜத்துக்கும் வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை அடி வேகத்தை இழக்கும். 12 அடி என்பது 4 கஜம். ஆக 28இல் ஏறத்தாழ 6 அடி காற்றுத் தடையால் வந்தது. அது பிழை அன்று. ரேடாரோ குண்டைப் பல புள்ளிகளில் பின்தொடர்ந்து, அந்த வளைகோட்டைப் பின்னோக்கி நீட்டிக் குழல்வாய் வேகத்தைக் கணக்கிட்டுத் தருகிறது.

மீதமுள்ள 22 அடி, சராசரியில் ஏறத்தாழ 0.8 விழுக்காடு. உணரிகளுக்கு இடையே 12 அங்குலம் மட்டுமே இருக்கும் கருவியில், அந்தத் தூரம் உண்மையில் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு மாறியிருந்தாலே இந்த அளவு வேறுபாடு வந்துவிடும். மடக்கி விரிக்கும் உடலமைப்பு கொண்ட கருவிகளில், கீல் முழுமையாகத் திறக்காவிட்டாலும், முக்காலியின் மேல் கருவி சற்றே முறுக்கியிருந்தாலும் இது நடக்கும். ஆகவே சராசரி எண்ணில் ரேடாரை நம்புங்கள். நீண்ட தூரத்துக்கான எறிபாதைக் கணிப்பானில் 2,716ஐயே இட்டுப் பாருங்கள். 600 கஜத்தில் கணிப்பான் சொல்லும் திருத்தம் இலக்கோடு பொருந்தினால் உங்கள் ஐயம் தீரும்.

திட்ட விலக்கத்துக்கு வருவோம். வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் செல்லும் குண்டு 1 அடியைக் கடக்க எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 370 மைக்ரோவினாடி. அதில் 1 மைக்ரோவினாடி பிசகினால் வேகத்தில் 7 அடிக்கு மேல் பிசகும். கருவியின் கடிகாரம் அதைவிடத் துல்லியமாக இருக்கலாம். ஆனால் சிக்கல் கடிகாரத்தில் இல்லை. ஒளித்திரை குண்டின் நிழலைப் பார்க்கிறது. உங்கள் குண்டின் நீளம் ஓர் அங்குலத்துக்கு மேல். முதல் உணரி குண்டின் முனையைக் கண்டவுடன் விழித்துக்கொண்டு, இரண்டாவது உணரி குண்டின் தோள்பகுதி வந்த பிறகே விழித்துக்கொண்டால், அதாவது இரண்டுக்கும் இடையே அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மாறுபட்டால், 14 அடி பிழை வந்துவிடும். மேகம் கடந்து செல்வது, வெயில் குண்டின் அடிப்பக்கத்தில் பட்டுத் தெறிப்பது, குண்டு திரையின் நடுவில் செல்லாமல் மேலே சென்றது ஆகியவை ஒவ்வொரு சுடுதலிலும் இந்தப் புள்ளியை நகர்த்தும். என் கணிப்பில் உங்கள் 14இல் பெரும்பகுதி கருவியின் சொந்தச் சிதறல்தான். தோட்டாவின் சிதறலும் கருவியின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்களே கூடும். 14இன் வர்க்கம் 196, 8இன் வர்க்கம் 64. மீதி 132இன் வர்க்கமூலம் 11.5. உங்கள் கருவி தன் பங்காக 11 அடி அளவுக்குச் சிதறலைச் சேர்க்கிறது என்று கொள்ளலாம்.

மறுமொழி: மணல்மேடு (அரிசோனா)

மூன்று கருவிகளையும் நெருக்கமாகப் பார்த்திருப்பதால் நடைமுறை பற்றிச் சொல்கிறேன்.

மேக்னெட்டோஸ்பீட் குழல்வாயின் கீழே ஈட்டிபோல் கட்டப்படும் கருவி. அதிலுள்ள இரண்டு மின்காந்த உணரிகளைக் குண்டு கடக்கும்போது, அந்த உலோகத்தில் எழும் மின்சுழலை உணர்ந்து நேரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி எப்படி இருந்தாலும் கவலையில்லை, இருட்டிலும் அளக்கும், சுடுதளத்தில் முன்னே நடந்து சென்று எதையும் நிறுத்த வேண்டியதில்லை. எண்களும் நம்பத்தக்கவை. ஆனால் குழலின் நுனியில் எடை தொங்குவதால் குழலின் அதிர்வு மாறி, குண்டு படும் இடமும் மாறிவிடும். ஆகவே வேகத்தையும் இலக்கில் குண்டுகள் விழும் குழுமத்தையும் ஒரே சுடுதலில் அறிய முடியாது. கையால் நிரப்புகிறவருக்கு இது பெரிய இழப்பு, ஏனெனில் ஒவ்வொரு தோட்டாவும் காசும் நேரமும் செலவழித்துச் செய்தது. குழலைத் தொடாமல் தனிக் கையில் கருவியைப் பிடித்து நிறுத்தும் தாங்கிகள் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவோர் இந்தக் குறையைத் தவிர்க்கிறார்கள். இன்னொன்று, உங்கள் 9 மி.மீ. துப்பாக்கியின் குழலில் இதை நேராகக் கட்டுவது கடினம். பின்னும் முன்னும் ஓடும் ஸ்லைடு உள்ள துப்பாக்கிகளுக்கு இது அவ்வளவு வசதியான கருவி அன்று.

லாப்ரேடார், கனடாவின் கியூபெக் மாகாணத்து நிறுவனம் செய்த டாப்ளர் ரேடார். 2015ஐ ஒட்டி அது சந்தைக்கு வந்தபோதுதான், ராணுவச் சோதனைத் தளங்களில் மட்டும் இருந்த தொழில்நுட்பம் சாதாரணச் சுடுநரின் மேசைக்கு வந்தது. 24 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, குண்டிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கணக்கிடுகிறது. வினாடிக்கு 2,700 அடி வேகக் குண்டுக்கு அந்த மாற்றம் ஏறத்தாழ 1,32,000 ஹெர்ட்ஸ். நேர அளவோடு ஒப்பிட்டால் அதிர்வெண்ணை மிகத் துல்லியமாக அளக்க முடியும். ரேடாரின் வலிமை இதில்தான் இருக்கிறது. உணரிகளுக்கு இடையேயான தூரம் என்ற பேச்சே இதில் எழாது. அத்துடன் லாப்ரேடார் நாம் குறித்துக் கொடுக்கும் தூரங்களிலும் வேகத்தைச் சொல்லும் என்பதால், குண்டு எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதையும் காண முடிகிறது. மற்ற கருவிகளில் பெரும்பாலும் இல்லாத இந்த வசதியை நான் மிகவும் மதிக்கிறேன். குறைகளும் உண்டு. அந்தக் கருவி குழல்வாய் ஓசையால் விழித்துக்கொள்கிறது. பக்கத்து மேசையில் ஒருவர் சுட்டால் அந்த ஓசையை ஏற்றுக் குழம்பும், ஓசையடக்கி பொருத்திய துப்பாக்கியின் ஓசையைச் சில வேளை தவறவிடும். பெட்டி பெரியது, இலக்கை நோக்கிக் கவனமாகத் திருப்பி வைக்க வேண்டும், ஆறு ஏஏ மின்கலங்களைத் தின்றுகொண்டே இருக்கும். 2024இல் வந்த லாப்ரேடார் எல்எக்ஸ் சிறிய உருவில் இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய வந்தது.

கார்மின் ஸீரோ சி1 ப்ரோ 2023 இறுதியில் 600 டாலர் விலைக்கு வந்தது. உள்ளங்கை அளவே இருக்கும். குழல்வாய்க்குச் சற்றுப் பின்னும் பக்கத்திலும் வைத்து, ஏறத்தாழ இலக்கின் பக்கமாகத் திருப்பினால் போதும். ஓசையை எதிர்பார்க்காமல் குண்டையே கண்டுகொள்கிறது. நெருக்கமான சுடுதளத்திலும் பெரும்பாலும் தடுமாறுவதில்லை. வினாடிக்கு 100 முதல் 5,000 அடி வரை அளக்கும் என்பதால் ரைஃபிள், கைத்துப்பாக்கி, அம்பு எல்லாம் அதற்குள் அடங்கும். நிறுவனம் குறிப்பிடும் துல்லியம் 0.1 விழுக்காடு, அதாவது உங்கள் வேகத்தில் 3 அடிக்கும் குறைவு. குழல்வாய் வேகத்தை மட்டுமே தரும். தொலைவில் உள்ள வேகம் கிடைக்காது. இதே வகையில் ஏத்லான் நிறுவனத்தின் ரேஞ்ச்கிராஃப்ட் கருவி குறைந்த விலைக்கு வந்திருக்கிறது. பணத்தைப் பார்த்துச் செலவிடுகிறவர்கள் அதையும் கருதலாம்.

ரைஃபிள், 9 மி.மீ. இரண்டும் உங்களிடம் இருப்பதால், என் முடிவு சிறிய ரேடார்.

மறுமொழி: எண்கணி (மிச்சிகன்)

தென்னஞ்சோலை அண்ணாவுக்கும் நெடுந்தொலைவு ஐயாவுக்கும் வணக்கம். ஒளித்திரையின் பிழைகளைப் பற்றி ஐயா விளக்கியது அனைத்தும் சரி. ஆனால் 196இலிருந்து 64ஐக் கழித்துக் கருவியின் சிதறல் 11.5 என்று முடிவு கட்டியதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த எண்கள் அந்தச் சுமையைத் தாங்கா.

10 சுடுதலில் கிடைத்த திட்ட விலக்கம் ஒரு மதிப்பீடு மட்டுமே. 95 விழுக்காடு நம்பிக்கையோடு பேசினால், உண்மையான திட்ட விலக்கம் கிடைத்த எண்ணின் 0.69 மடங்கிலிருந்து 1.83 மடங்கு வரை எங்கும் இருக்கலாம். ஒளித்திரையின் 14 என்பது 9.6க்கும் 25.6க்கும் இடைப்பட்ட எதுவாகவும் இருக்கலாம். ரேடாரின் 8 என்பது 5.5க்கும் 14.6க்கும் இடைப்பட்ட எதுவாகவும் இருக்கலாம். இரண்டு எல்லைகளும் நன்றாகவே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. வர்க்கங்களின் விகிதம் 196க்கு 64, அதாவது 3.06. பத்துப் பத்துச் சுடுதல்கள் உள்ள இரண்டு தொகுதிகள் உண்மையில் வேறுபட்டவை என்று வழக்கமான 5 விழுக்காட்டு அளவுகோலில் சொல்ல, அந்த விகிதம் 4.03ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை. கருவிகள் இரண்டும் பிழையே இல்லாதவையாக இருந்து, தோட்டாக்களின் உண்மைச் சிதறல் 11 ஆக இருந்தாலும்கூட, இப்படிப்பட்ட ஒரு சோடி எண்கள் வருவது வியப்பன்று.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தோட்டாப் பெட்டிக்குச் செல்லாது. பானைச் சோறு ஒன்றாக வெந்தது. தோட்டா ஒவ்வொன்றும் தனித்தனியாக நிறுத்து, தனித்தனியாக அழுத்தி, தனித்தனி உறையில் அடைத்தது. ஐந்து சுடுதலில் நிலைமை இன்னும் மோசம். அங்கே உண்மை மதிப்பு, கிடைத்த எண்ணின் 0.6 மடங்கிலிருந்து 2.87 மடங்கு வரை போகலாம். ஐந்து குண்டு சுட்டுத் திட்ட விலக்கம் 5 என்று படம் போடுகிறவருடைய தோட்டா, உண்மையில் 14ஆகவும் இருக்கலாம். 20 சுட்டால் எல்லை 0.76 முதல் 1.46 வரை, 30 சுட்டால் 0.80 முதல் 1.34 வரை சுருங்குகிறது.

மிக வேகத்துக்கும் மிக மெதுவுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்துத் தோட்டாக்களை ஒப்பிடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அது சுடும் எண்ணிக்கையோடு தானே வளர்கிற எண். ஒரே தோட்டாவில் 3 சுட்டால் அது சராசரியாகத் திட்ட விலக்கத்தின் 1.7 மடங்கு, 5 சுட்டால் 2.3 மடங்கு, 10 சுட்டால் 3.1 மடங்கு, 20 சுட்டால் 3.7 மடங்கு. 3 சுட்டவரின் எண்ணையும் 20 சுட்டவரின் எண்ணையும் பக்கத்தில் வைத்து எந்தத் தோட்டா சிறந்தது என்று வாதிடுவதில் பொருளே இல்லை.

கருவியின் சிதறலை உண்மையில் அறிய ஒரு நல்ல வழி உண்டு. இரண்டு கருவிகளையும் ஒரே நேரத்தில் வைத்து, ஒவ்வொரு குண்டையும் இரண்டும் அளக்கும்படி சுடுங்கள். பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கருவி காட்டியதிலிருந்து மற்றது காட்டியதைக் கழியுங்கள். தோட்டாவின் உண்மை வேகம் இரண்டிலும் ஒன்றே என்பதால், கழித்தவுடன் அது மறைந்துவிடும். மிஞ்சும் வேறுபாடுகளின் சராசரி, ஒரு கருவி மற்றதைவிட எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்பதைச் சொல்லும். அவற்றின் திட்ட விலக்கம், இரண்டு கருவிகளின் சிதறலும் சேர்ந்தது. இதைத்தான் ஐயா கழித்தல் கணக்கால் பெற முயன்றார். இம்முறையில் அதை நேராகவே பெறலாம். இருபது சுடுதலில் போதுமான தெளிவு கிடைக்கும்.

மறுமொழி: நெடுந்தொலைவு (ஒஹாயோ)

எண்கணி அவர்களே, நீங்கள் காட்டிய எல்லைகளை ஏற்றுக்கொள்கிறேன். பத்து பத்துச் சுடுதலிலிருந்து 11.5 என்ற எண்ணை எடுப்பது முறையாகாது. ஆனால் 1 அடி இடைவெளி ஒளித்திரை வெளியில் மாறும் வெளிச்சத்தில் தன் சிதறலைச் சேர்க்கும் என்ற இயற்பியல் மாறவில்லை. நீங்கள் சொன்ன சோடிச் சோதனை அதை வெளிக்கொணரும் என்றே எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி: மூன்றாம் திரை (பென்சில்வேனியா)

ஒளித்திரை என்றாலே குறைபாடு என்பதுபோல் பேச்சு போவது நியாயமில்லை. குறை ஒளித்திரையில் இல்லை, 1 அடி இடைவெளியில் இருக்கிறது.

டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள ஓலர் நிறுவனத்தின் 35பி கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் திரைகள் மூன்று. முதலுக்கும் கடைசிக்கும் இடையே 4 அடி. நடுவில் மூன்றாவது திரை. 4 அடியைக் கடக்க உங்கள் குண்டு ஏறத்தாழ 1,480 மைக்ரோவினாடி எடுக்கும். 1 மைக்ரோவினாடி பிசகினாலும் பிழை 2 அடிக்குள் அடங்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகினால் 14 அடிக்குப் பதில் மூன்றரை அடிதான். அதைவிட முக்கியம், ஒவ்வொரு குண்டையும் அது இரண்டு முறை தனித்தனியே அளந்து, இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சுடுதலைக் குறியிட்டுக் காட்டிவிடும். எண்கணி அவர்கள் சொன்ன சோடிச் சோதனையை, ஒரு கருவி தன்னுள்ளேயே ஒவ்வொரு குண்டுக்கும் செய்வது இது. நான் பார்த்த வரையில் இன்றைய சிறிய ரேடார்கள் ஒரே ஓர் எண்ணை மட்டும் திரையில் காட்டுகின்றன. அந்த எண் எவ்வளவு உறுதியானது என்பதை அவை சொல்வதில்லை. அளவீட்டில் அக்கறை உள்ளவருக்கு இது ஒரு குறையே என்பது என் உறுதியான கருத்து.

இருந்தும், சுடுதளம் அமைதியாகும் வரை காத்திருந்து, முன்னே நடந்து சென்று, திரைகளைத் தாங்கும் தண்டையும் திரைகளையும் மட்டம் பார்த்து நிறுத்துவது எல்லாராலும் இயலாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். தென்னஞ்சோலை தம்பி, உங்களிடம் இருக்கும் 1 அடிக் கருவியையே தொடர்ந்து பயன்படுத்துவதென்றால், வெயில் நாளில் வெண்ணிறப் பரவல் தகடுகளைத் தவறாமல் பொருத்துங்கள். குழல்வாய்ப் புகையும் அதிர்வலையும் முதல் உணரியைத் தூண்டிவிடாமல் இருக்க 15 அடிக்குத் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு குண்டும் திரையின் மேல் ஒரே உயரத்தில் செல்லும்படி இலக்கையும் கருவியையும் ஒரே கோட்டில் வையுங்கள். உள்ளரங்கச் சுடுதளத்தில் குழல்விளக்கு மின்னோட்டத்தோடு சேர்ந்து துடிப்பதால் உணரிகள் குழம்பும். அங்கே அகச்சிவப்பு விளக்குகள் பொருத்திய திரைகளே ஏற்றவை.

மறுமொழி: இரட்டை ஆல்பா (ஜார்ஜியா)

9 மி.மீ. பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை என்பதால் சேர்க்கிறேன். அந்தப் பக்கத்தில் திட்ட விலக்கத்தைவிடச் சராசரிதான் உயிர். குண்டின் எடையைக் கிரெய்னில் எடுத்து, வினாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் வருவது ஆற்றல் காரணி. யுஎஸ்பிஎஸ்ஏ போட்டியில் மைனர் என்ற பிரிவுக்குக் குறைந்தது 125, மேஜர் என்ற பிரிவுக்குக் குறைந்தது 165 வேண்டும். மேஜர் என்று அறிவித்துக் குறைந்தால் மைனராகக் கணக்கிடுவார்கள். 125க்கும் கீழே போனால் அந்தப் போட்டி முழுவதும் உங்களுக்குப் புள்ளியே கிடையாது. பயணம், தங்குமிடம், நுழைவுக் கட்டணம் எல்லாம் கொடுத்துச் சென்று ஒரு குரோனோகிராஃப் மேசையில் இதை இழப்பது தேவையற்ற துயரம்.

124 கிரெய்ன் குண்டுக்கு 125ஐ எட்ட வினாடிக்கு 1,009 அடி வேண்டும். 147 கிரெய்ன் குண்டுக்கு 851 அடி. உங்கள் ஒளித்திரை ரேடாரைவிட ஏறத்தாழ 1 விழுக்காடு குறைத்துக் காட்டுகிறது என்பது ரைஃபிள் சோதனையில் தெரிகிறது. அது அப்படியே இருந்தால் உங்கள் 9 மி.மீ. தோட்டா உண்மையில் நீங்கள் நினைப்பதைவிடச் சற்று வேகமானது, நல்லது. ஆனால் அதை நம்பி வெடிமருந்தைக் குறைத்துவிடாதீர்கள், ஏனெனில் போட்டியில் உங்கள் கருவி பேசாது, அவர்களுடைய கருவிதான் பேசும். உங்களிடமிருந்து எடுக்கும் தோட்டாக்களில் ஒன்றைப் பிரித்துக் குண்டை எடை பார்ப்பார்கள். குண்டுப் பெட்டியில் 147 என்று அச்சிட்டிருந்தாலும் பூச்சிட்ட ஈயக் குண்டுகள் ஒன்றிரண்டு கிரெய்ன் கூடக்குறைய இருப்பதுண்டு. நான் 147 கிரெய்னுக்கு 885 அடியை இலக்காகக் கொள்கிறேன், அது 130. குளிர்ந்த காலையில் வேகம் குறைந்தாலும், அவர்களுடைய கருவி 1 விழுக்காடு குறைத்துக் காட்டினாலும், எடை ஒரு கிரெய்ன் குறைந்தாலும், மூன்றும் சேர்ந்தே வந்தாலும் 125க்குக் கீழே போவது அரிது.

தொடர் கேள்வி: தென்னஞ்சோலை (டெக்சாஸ்)

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் என் நன்றி. சிறிய ரேடாரை வாங்கி, என் ஒளித்திரையையும் அதே கோட்டில் நிறுத்திச் சோடிச் சோதனை செய்யப்போகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, 8 என்றாலும் 14 என்றாலும் 1000 கஜத்தில் அது எத்தனை அங்குலம் என்று யாராவது சொல்ல முடியுமா? இரண்டாவது, என் வெடிமருந்து அளவு, தோட்டா நிரப்பும் கையேட்டின் உச்ச அளவுக்குச் சற்றுக் கீழேதான் உள்ளது. ஆனால் கையேடு அந்த உச்ச அளவுக்கே 2,690 அடி என்று குறிப்பிட்டிருக்க, ரேடார் 2,716 காட்டியது. ஒளித்திரையின் 2,688ஐப் பார்த்துக்கொண்டிருந்தவரை எனக்கு இந்தக் கவலை எழவில்லை. இது ஆபத்தின் அறிகுறியா?

மறுமொழி: எண்கணி (மிச்சிகன்)

முதல் ஐயத்துக்கு விடை. உங்கள் குண்டும் வேகமும் உள்ள நிலையில், குழல்வாய் வேகத்தில் 10 அடி மாறினால் 1000 கஜத்தில் குண்டு படும் உயரம் ஏறத்தாழ 3 அங்குலம் மாறும். 100 கஜத்தில் அதே 10 அடி, அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மாற்றும். ஆகவே 100 கஜக் குழுமத்தைப் பார்த்து வேகச் சிதறலை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. திட்ட விலக்கம் 8 என்றால் மூன்றில் இரண்டு குண்டுகள் வேகத்தால் மட்டும் மேலும் கீழும் ஏறத்தாழ இரண்டரை அங்குலத்துக்குள் விழும். 14 என்றால் நான்கு அங்குலத்துக்கு மேல். உங்கள் ரைஃபிளும் நீங்களும் சேர்ந்து அங்கே 10 அங்குலச் சிதறல் காட்டினால், 14ஐ 8ஆக்குவதால் வரும் நன்மை இலக்கில் கண்ணுக்குத் தெரியாது. சிதறல் 5 அங்குலத்துக்குச் சுருங்கிய பிறகு அது நன்றாகத் தெரியும்.

சோதனையின்போது ரேடாரை வழக்கமான இடத்தில் மேசைக்குப் பக்கத்திலும், ஒளித்திரையை 15 அடி முன்னேயும் வையுங்கள். ஒளித்திரையின் உலோகக் கால்கள் ரேடாரின் நேர்ப்பார்வையில் குறுக்கே நிற்காதபடி பாருங்கள். இரண்டில் ஒன்று ஏதேனும் ஒரு குண்டைத் தவறவிட்டால், அந்தக் குண்டை இரண்டு பட்டியலிலிருந்தும் நீக்கிவிடுங்கள். வரிசை ஓர் இடம் தள்ளிப்போனால் கழித்தல் முழுவதும் பாழாகும். ஆகவே கருவிகளின் நினைவகத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் இரண்டு எண்களையும் ஒரே வரியில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுமொழி: நெடுந்தொலைவு (ஒஹாயோ)

இரண்டாவது ஐயம் முதலாவதைவிட முக்கியமானது; கேட்டது மிகவும் நல்லது.

குரோனோகிராஃப் அழுத்தத்தை அளப்பதில்லை. ஆனால் அழுத்தம் இல்லாமல் வேகம் வராது. அதே வெடிமருந்து, அதே எடைக் குண்டு, அதே குழல் நீளம் என்ற நிலையில் கையேட்டின் உச்ச வேகத்தை நீங்கள் தாண்டினால், கையேட்டின் உச்ச அழுத்தத்தையும் தாண்டியிருக்கிறீர்கள் என்றே கொள்ள வேண்டும். உறையின் அடியில் தேய்மானக் குறி இல்லை, போல்ட் எளிதாகத் திறக்கிறது, பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டி) தட்டையாகவில்லை என்பவற்றை ஆறுதலாகக் கொள்ளாதீர்கள்; அந்த அறிகுறிகள் பெரும்பாலும் வரம்பு நன்றாகக் கடந்த பிறகே தெரியவரும்.

ஆகவே முதலில் கையேட்டில் அந்தப் பக்கத்தின் மேலே சோதனைக் குழலின் நீளம் என்ன என்று பாருங்கள். அது 24 அங்குலமாக இருந்து உங்கள் குழல் 26 அங்குலமாக இருந்தால், ஓர் அங்குலத்துக்கு 20 முதல் 25 அடி வீதம் 40 அல்லது 50 அடி கூடுதலாக வருவது இயல்பு. 2,716 என்பது அதற்குள் அடங்கிவிடும். இரண்டும் ஒரே நீளம் என்றாலோ, உங்களுடையது குறைவு என்றாலோ, காரணம் வேறு. உறைகளின் உட்கொள்ளளவு குறைவாக இருக்கலாம், வெடிமருந்தின் உற்பத்தித் தொகுதி மாறியிருக்கலாம், குழலின் உட்புறம் இறுக்கமாக இருக்கலாம், தராசு பிசகியிருக்கலாம். தராசை எடைக்கற்களால் சரிபாருங்கள். கையேட்டின் தொடக்க அளவுக்கு இறங்கி, சிறு சிறு படிகளாக ஏறி, ஒவ்வொரு படியிலும் வேகத்தைக் குறித்துக்கொண்டு வந்து, உங்கள் குழல் நீளத்துக்குரிய வேகம் எட்டியவுடன் நிறுத்திவிடுங்கள். வெடிமருந்து எண் உச்சத்துக்குக் கீழே இருக்கிறதே என்று மேலும் ஏற வேண்டாம்.

டெக்சாஸ் கோடையில் மேசைமேல் வெயிலில் கிடந்த தோட்டாவும் குளிர்காலத் தோட்டாவும் ஒரே வேகம் தரமாட்டா. தோட்டாப் பெட்டியை நிழலில் வையுங்கள். சூடான குழல் அறையில் தோட்டாவை இட்டுவிட்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு வேகப் பட்டியலின் மேலும் அன்றைய வெப்பநிலையையும், வெடிமருந்துத் தொகுதி எண்ணையும் எழுதுங்கள். நீங்கள் படியேறிய பட்டியல் கிடைத்ததும், குழல் நீளத்தோடு சேர்த்து இங்கே பதியுங்கள், சேர்ந்து பார்ப்போம்.